யானைக்கு யார் தீனி போடுகிறார்கள்?

திருப்பூரில் நான் வேலை பார்த்தது ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். பனியன் கம்பெனிகளுக்கான மென்பொருள் எங்களுடையது. நிட்டிங்கிலிருந்து எத்தனை கிலோ துணி வந்தது, டையிங்கிற்கு எவ்வளவு போனது, கட்டிங்கில் எத்தனை பீஸ் நிற்கிறது, பேக்கிங் முடிந்த பெட்டி எத்தனை என்று பார்கோடு வைத்துக் கணக்குப் பார்க்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் தரவு ஒரே சர்வரில், போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் அமைந்த ஒரே டேட்டாபேஸில் இருந்தது. 2016-ல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்த டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்திவிட்டது. பழைய கணக்கைக் கேட்டால் காட்டியது. புதிதாக ஒரு பீஸை ஸ்கேன் செய்தால் ஏற்கவில்லை. சர்வர் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது: தரவு இழப்பைத் தவிர்ப்பதற்காக இனிக் கட்டளைகளை ஏற்பதில்லை. அதன் கீழே ஒரு குறிப்பு. சர்வரை நிறுத்தித் தனியாள் முறையில் ஏற்றி வேக்கம் ஓட்டுங்கள், முடிக்கப்படாமல் கிடக்கும் பழைய பிரிப்பேர்டு டிரான்சாக்‌ஷன் ஏதாவது இருந்தால் அதையும் முடித்து வையுங்கள் என்றது.

டிரான்சாக்‌ஷன் என்பது ஒரே மூச்சில் முடிய வேண்டிய ஒரு வேலை. போஸ்ட்கிரெஸில் தரவை மாற்றும் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் ஒரு எண் உண்டு. அது 32 பிட் எண். சுமார் 429 கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பத்துக்கு வரும். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் அதில் பாதி கடந்த காலம், பாதி எதிர்காலம். ஒரு வரியை எழுதிய பிறகு 214 கோடி எண்கள் கடந்துவிட்டால், அந்த வரி இனிமேல்தான் எழுதப்படப் போவதாக டேட்டாபேஸுக்குத் தோன்றும். அதாவது கண்ணிலேயே படாது. அப்படி ஆகாமலிருக்க வேக்கம் என்கிற வேலை பின்னாலேயே வந்து பழைய வரிகளை உறையவைத்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் மென்பொருள் மாதக்கணக்கில் முன்பு ஒருநாள் பாதியில் விழுந்தபோது ஒரு டிரான்சாக்‌ஷனை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போயிருந்தது. அது முடிகிற வரை அதற்குப் பிறகு வந்த எதையும் உறையவைக்க வேக்கத்தால் முடியாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஓர் எண் செலவாகிக்கொண்டே இருந்தது. எண் தீரப் போகிறது என்ற எச்சரிக்கையும் லாக் ஃபைலில் வந்திருக்கிறது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

அந்தக் குறிப்பு சொன்னதை வரிக்கு வரி செய்தோம். ராத்திரி இரண்டரை மணிக்கு சர்வர் எழுந்தது. ஒரு வரி தரவுகூடப் போகவில்லை. முதலாளி அதுவரை எங்களோடு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டு அவர் கேட்டதை நான் மறக்கவில்லை.

"தம்பி, இது காசு குடுத்து வாங்குன சரக்கு இல்லைன்னு சொன்னீங்களே. அப்ப இத்தன கருத்தா எச்சரிக்கை எழுதி வெச்சது யாருங்க? அவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?"

ஓப்பன் சோர்ஸ், நிரல் எல்லோருக்கும் திறந்தது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள், சேவை மனம் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அவர் நம்பாததுதான் சரி. அதன்பின் பல வருடங்களாக இந்த டேட்டாபேஸோடேயே வாழ்ந்து வருகிறேன். அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

அன்று எங்கள் தரவைக் காப்பாற்றிய அந்தத் தடுப்பு, 2005 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் எண் சுற்றிக்கொண்டால் சத்தமில்லாமல் தரவு மறைந்துவிடும். தடுப்பை எழுதியவர் டாம் லேன். அப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்தது ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனம். எங்கள் முதலாளி கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான். ஆனால் டாம் லேனின் சம்பளச் சீட்டு எங்கெங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து போனால், இந்த மென்பொருளின் வரலாற்றில் பாதி அதிலேயே வந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் பிறந்தது பல்கலைக்கழகத்தில். 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு, தரவைக் கேட்டுப் பெறும் எஸ்க்யூஎல் மொழியைக் கொடுத்தார்கள். 1996 முதல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இணையத்தில் கூடியவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் தன்னார்வலர்கள் என்ற சொல் பொருந்தும். 2000-ல் கதை மாறியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நார்ஃபோக் நகரத்து லேண்ட்மார்க் என்ற ஊடக நிறுவனம் பணம் போட்டு கிரேட் பிரிட்ஜ் என்ற கம்பெனியைத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸுக்கு சப்போர்ட் விற்பதுதான் தொழில். போஸ்ட்கிரெஸை வழிநடத்தும் மையக் குழுவிலிருந்து டாம் லேன், புரூஸ் மோம்ஜியன், யான் வீக் மூவரையும் வேலைக்கு எடுத்தது.

ஒன்றரை வருடம்கூட ஓடியிருக்காது. 2001 செப்டம்பரில் கிரேட் பிரிட்ஜ் மூடப்பட்டது. டாட்காம் சரிவில் எத்தனையோ கம்பெனிகள் போனதுபோல அதுவும் போனது. அதன் கையில் போஸ்ட்கிரெஸின் பெயரோ முழு உரிமையோ இருந்திருந்தால், கடனுக்கு ஈடாக யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்து முடங்கியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்று பேருக்கு வேலை போனது, மூன்று பேரும் வேறு வேறு இடங்களில் வேலை தேடிக்கொண்டார்கள், மென்பொருளின் அடுத்த பதிப்பு வழக்கம்போல வந்தது. டாம் லேன் ரெட் ஹாட்டுக்குப் போனார். 2013-ல் சேல்ஸ்ஃபோர்ஸ், 2015-ல் கிரஞ்சி டேட்டா. 2025-ல் அந்த கிரஞ்சி டேட்டாவை ஸ்னோஃபிளேக் வாங்கிக்கொண்டது. சம்பளம் கொடுக்கும் கை இத்தனை முறை மாறியும் அவர் பார்த்த வேலை ஒன்றே.

போஸ்ட்கிரெஸின் சின்னம் ஒரு நீல யானை. கோயில் யானைக்கு ஒருவர் கரும்புக்கட்டு கொண்டு வருவார், ஒருவர் வெல்லம், இன்னொருவர் மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்வார். அதற்காக யாரும் யானையைத் தன் வீட்டுத் திண்ணையில் கட்டிக்கொள்ள முடியாது. எங்கள் முதலாளிக்கு இந்த உவமையைச் சொல்லியிருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் ஆட்களாக இருக்கக் கூடாது என்று எழுதப்படாத விதி ஒன்று வெகுகாலமாக இருந்துவருகிறது. 2020-ல் அதற்குச் சோதனை வந்தது. போஸ்ட்கிரெஸை வைத்துத் தொழில் செய்யும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாயின. இடிபி, செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியது. ஒரே நாளில் ஐந்து பேர் கொண்ட மையக் குழுவில் மூன்று பேர் ஒரே முதலாளியின் ஆட்கள். யாரும் சதி செய்யவில்லை, யாரும் வேலை மாறவும் இல்லை, ஆனாலும் விதி உடைந்துவிட்டது. சில வாரங்களில், அந்த நவம்பரிலேயே, வேறு நிறுவனங்களில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ஜொனதன் கட்ஸ் இருவரையும் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். எழுதிவைக்காத ஒன்றை இவ்வளவு மதித்து நடந்துகொண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்த மென்பொருளின் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு முதல் காரணம். பெயருக்கான வணிகச்சின்ன உரிமையும் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. கனடாவில் பதிவான, லாப நோக்கற்ற ஓர் அமைப்பு அதை வைத்திருக்கிறது.

கம்பெனிகள் எதற்காகத் தீனி போடுகின்றன? பெரும்பாலும் தங்களுக்கு ஒன்று தேவைப்படுவதால். இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. 2003 தொடக்கத்தில் டாட் ஆர்க் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் பொறுப்பு கைமாறியபோது, தொழில்நுட்பத்தைக் கவனிக்க வந்த அஃபிலியாஸ் நிறுவனம் போஸ்ட்கிரெஸை வைத்திருந்தது. லட்சக்கணக்கான முகவரிகள் ஒரே சர்வரை நம்பி இருக்க முடியாது, பிரதி வேண்டும். கிரேட் பிரிட்ஜில் வேலை இழந்த அதே யான் வீக் அங்கே உட்கார்ந்து ஸ்லோனி என்ற பிரதியெடுக்கும் மென்பொருளை எழுதினார். ஸ்லோனி என்றால் ரஷ்ய மொழியில் யானைகள். அஃபிலியாஸ் அதைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் கொடுத்தது. பிறகு 2010-ல் வந்த 9.0 பதிப்பில் பிரதியெடுப்பு உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் தரவை ஓடையாக அனுப்பும் பகுதி ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்டிடியில் வேலை பார்த்த ஃபுஜி மசாவோவின் உழைப்பு. பிரதியில் இருந்துகொண்டே கேள்வி கேட்கும் வசதி செகண்ட்குவாட்ரன்ட்டை நிறுவிய சைமன் ரிக்ஸின் உழைப்பு. திருப்பூரில் எங்கள் இரண்டாவது சர்வர் அந்த இரண்டையும் நம்பித்தான் ஓடியது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் தேவை, ஒரு சப்போர்ட் கம்பெனியின் வாடிக்கையாளர்களின் தேவை, இரண்டும் சேர்ந்து கொங்கு நாட்டில் ஒரு பனியன் கணக்கைக் காத்தன.

ஆனால் புது வசதிகளைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 2018-ல் நடந்த ஒன்று. செகண்ட்குவாட்ரன்ட்டின் ஒரு வாடிக்கையாளருக்குத் தரவு கெட்டுப்போனது. சேமிப்பகத்தில் ஏதோ கோளாறு வந்து சரியாகியிருந்தது, டேட்டாபேஸோ எல்லாம் பத்திரமாக எழுதப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த கிரெய்க் ரிங்கர் விடாமல் தோண்டினார். ஒரு டேட்டாபேஸ் எழுதியதெல்லாம் முதலில் இயங்குதளத்தின் நினைவகத்தில்தான் நிற்கும். வட்டில் உண்மையிலேயே இறக்கிவிடு என்று சொல்ல எஃப்சிங்க் என்ற கட்டளை உண்டு. அது தோற்றால் போஸ்ட்கிரெஸ் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். இரண்டாவது முறை சரி என்று பதில் வந்தால் எல்லாம் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் இயங்குதளமோ, முதல் முறை தோற்றவுடனேயே அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிட்டு, இரண்டாவது கேள்விக்குச் சரி என்று சொல்லிவிடும். தரவு எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. சுமார் இருபது வருடங்களாக நல்ல மனிதர்கள் எழுதி, நல்ல மனிதர்கள் சரிபார்த்த நிரலுக்கு அடியில் இப்படி ஒரு பள்ளம் இருந்திருக்கிறது.

போஸ்ட்கிரெஸ்காரர்களும் லினக்ஸ் கெர்னல்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில், எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்காதே, அப்படியே விழுந்துவிடு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து மீண்டு எழு என்று மாற்றினார்கள். 2019 பிப்ரவரியில் அது பழைய பதிப்புகள் உட்பட எல்லாவற்றுக்கும் போனது. இதை எந்தத் தன்னார்வலரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க மாட்டார். சேமிப்பகம் கெட்டுப்போகும் அளவுக்குப் பெரிய வாடிக்கையாளர் வேண்டும், என் தரவு எங்கே என்று கேட்க அவருக்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும், பதில் சொல்லும் கடமையுள்ள ஒரு கம்பெனி வேண்டும், அந்தக் கம்பெனியில் விடாப்பிடியான ஒருவர் வேண்டும். சப்போர்ட் என்பது தொலைபேசியை எடுத்து மறுதொடக்கம் செய்யச் சொல்வது என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ ஒளித்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தவர் அதே ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார், ஏன் என்று பின்தொடர்ந்தார். உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் தப்பித்தன. அந்த அரை நொடியை விடாமல் பின்தொடரும் அவகாசத்துக்குச் சம்பளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட்.

கம்பெனிப் பணம் வந்தாலே கெடுதல் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ். அந்தக் கதையை நானும் வருத்தத்தோடுதான் சொல்வேன். 1995-ல் ஸ்வீடனில் மோன்டி விடேனியஸும் அவர் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம் அது. மை என்பது மோன்டியின் மகள் பெயர். மென்பொருளின் பதிப்புரிமை பெரும்பாலும் அந்த நிறுவனத்திடமே இருந்தது. அதனால்தான், மாற்றி வெளியிட்டால் நிரலையும் திறக்கக் கோரும் ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகவும், அது வேண்டாதவர்களுக்குக் காசுக்கும் ஒரே மென்பொருளைக் கொடுக்க முடிந்தது. நல்ல தொழில் முறை, பல வருடம் நன்றாகவே ஓடியது. ஆனால் முழு உரிமை ஓரிடத்தில் இருந்தால் அதை முழுதாக விற்கவும் முடியும். 2005-ல் மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் இதயப் பகுதியான இன்னோடிபியை எழுதிய ஃபின்லாந்து கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. 2008-ல் மைஎஸ்க்யூஎல்லையே 100 கோடி டாலருக்கு சன் என்ற கணினி நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது. எந்த நிறுவனத்தின் டேட்டாபேஸுக்கு மாற்றாக உலகம் மைஎஸ்க்யூஎல்லைப் பார்த்ததோ அதே நிறுவனத்தின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. மோன்டி 2009-லேயே வெளியேறி, இன்னொரு மகள் பெயரில் மரியாடிபியைத் தொடங்கினார். ஆரக்கிள் அதைக் கொன்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் கையில் வந்த 5.6, 5.7, 8.0 மூன்றும் நல்ல பதிப்புகள். ஆனால் அடுத்த வருடம் என்ன நடக்கும் என்பது ஒரே ஒரு கட்டடத்துக்குள் முடிவாகிறது. பயன்படுத்துகிறவர்கள் வெளியே நின்று காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தாராளமான உரிமம் இருந்தால் போதுமா? போதாது என்பதை ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் காட்டியது. போஸ்ட்கிரெஸின் உரிமத்தைப் போலவே பிஎஸ்டி உரிமமும் மிகத் தாராளமானது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மூடிய மென்பொருளாக விற்கலாம். 2009-ல் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலியர் அந்த உரிமத்தில்தான் ரெடிஸை எழுதினார். காலப்போக்கில் ரெடிஸ் என்ற பெயரும் திட்டத்தின் கடிவாளமும் ஒரே கம்பெனியிடம் சேர்ந்தன. 2024 மார்ச் 20 அன்று அந்தக் கம்பெனி இனிவரும் பதிப்புகளின் உரிமத்தை இறுக்கியது. எட்டே நாளில் ரெடிஸின் பழைய நிரலிலிருந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழே வால்கீ என்ற கிளை பிறந்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் எல்லாம் அதன் பின்னால் நின்றன. அடுத்த வருடம் மே மாதம் ரெடிஸ் 8-க்கு ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தையும் சேர்த்துத் திறந்தார்கள். அதற்குள் பிரிந்தவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியின் மனக்குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. இவர்கள் ஆள் வைத்து எழுதுகிறார்கள், பெரிய கிளவுட் நிறுவனம் அதை அப்படியே எடுத்து மாதவாடகைக்கு விட்டு இவர்களைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறது. 2018-ல் மாங்கோடிபியும் 2021-ல் இலாஸ்டிக்கும் உரிமத்தை மாற்றியது இதே வலியில்தான். வலி உண்மையானது. ஆனால் போஸ்ட்கிரெஸை வாடகைக்கு விடாத கிளவுட் நிறுவனமே இல்லை, அமேசானின் அரோராவும் இடிபியின் விலையுள்ள பதிப்பும் மூடிய மென்பொருள்கள்தான், ஆனாலும் யானை நடந்துகொண்டிருக்கிறது. ஏனென்றால் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் இடிபியும் ஃபுஜிட்சுவும் தனித்தனியே ஆட்களை வைத்து அதற்கு எழுதுகிறார்கள், எவர் விலகினாலும் மிச்சம் பேர் இருக்கிறார்கள், பெயரை எவராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. எனக்குப் புரிந்தவரை, காப்பது உரிமப் பத்திரம் அல்ல. பெயர் யாரிடம் இருக்கிறது, எழுதும் கைகள் எத்தனை இடங்களில் சம்பளம் வாங்குகின்றன என்ற இரண்டும்தான்.

அதனால் 2025 மே, ஜூன் மாதங்களில் வந்த செய்திகள் என்னை உறுத்துகின்றன. டேட்டாபிரிக்ஸ் நியானை வாங்கியது, ஸ்னோஃபிளேக் கிரஞ்சி டேட்டாவை வாங்கியது. போஸ்ட்கிரெஸை மட்டுமே நம்பிப் பிழைத்த நடுத்தரக் கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரிய வீட்டுச் செலவுக் கணக்கில் யானைத் தீனி ஒரு சின்ன வரி. செலவைக் குறைக்கும் காலம் வரும்போது முதலில் கோடு விழுவது அப்படிப்பட்ட வரிகளின் மேல்தான்.

எந்த வாடிக்கையாளரும் காசு கொடுத்துக் கேட்காத வேலைகளும் இருக்கின்றன. மற்றவர் எழுதி அனுப்பிய நிரல் திருத்தத்தை, பேட்ச்சை, படித்துப் பார்ப்பது, ஆவணத்தைத் திருத்துவது, புதுப் பதிப்பைத் தன் தரவில் ஓட்டிப் பார்ப்பது. எழுத வருகிறவர்கள் ஏராளம், படித்துப் பார்க்க ஆள் குறைவு. எங்களை அன்று தூங்கவிடாத அந்த 32 பிட் எண்ணை 64 பிட்டாக்கும் முயற்சிகள் பல வருடமாக நடக்கின்றன. இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை. பெரிய மாற்றம், அத்தனையையும் சரிபார்க்கும் உழைப்பு பெரியது.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, முதலாளியிடம் ஒரு சப்போர்ட் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனேன். போஸ்ட்கிரெஸுக்கு எழுதுகிறவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கம்பெனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். தொகையைப் பார்த்தார். "நிட்டிங் மிஷினுக்கு ஏஎம்சி போடறோம், ஜெனரேட்டருக்குப் போடறோம். இத்தன நாளா இதுக்கு மட்டும் ஏனுங்க தம்பி போடாம விட்டோம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். இங்கேயும் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினேன். கூடவே வெள்ளிக்கிழமை மதியங்களையும் கேட்டு வாங்கினேன். 2025 மே மாதம் போஸ்ட்கிரெஸ் 18-இன் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தபோது நானும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் எங்கள் தரவின் நகலை அதில் ஏற்றி மூன்று வாரம் ஓட்டினோம். ஓர் இடத்தில் ஆவணம் சொல்வதும் நடப்பதும் பொருந்தாததுபோல் இருந்தது. அவர்களில் இளையவள் அதை எழுதி அனுப்பினாள். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஆவணம் சரிதானாம், நாங்கள்தான் ஒரு செட்டிங்கைப் போடாமல் விட்டிருந்தோமாம். அதையும் பொறுமையாக, எங்கே பார்க்க வேண்டும் என்பதோடு நான்கு பத்தி எழுதியிருந்தார்கள். "அக்கா, இவருக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்து அவள் கேட்டபோது, நான் என் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.